பந்தயக் கார்ப் பொறியாளராக விரும்புவோர்க்கு

மோட்டார்ப் பந்தயத்தைக் கண்டு மோகங்கொண்ட இளைஞர்களில் பெரும்பாலோர் ஓட்டுநரின் ஆசனத்தையே மனத்தில் வைத்திருக்க, வெகு சிலர் மாத்திரம் அந்தக் காரின் முன்சக்கரம் சென்ற சுற்றில் ஏன் நழுவிற்று, இந்தச் சுற்றில் ஏன் நழுவவில்லை என்று யோசிக்கத் தலைப்படுகிறார்கள். இந்த அத்தியாயம் அந்தச் சிலருக்காக எழுதப்பட்டது. சாஸ்திர விசாரங்களைப் பாடப்புத்தகங்களுக்கு விட்டுவிட்டு, எதை முதலில் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது, எங்கே பலரும் சறுக்குகிறார்கள், எங்கே விரலோ உயிரோ போகக்கூடும் என்பவற்றையே இங்கே சொல்லப் போகிறோம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வது நலம். இத்துறையில் ஆள் எடுக்க அமரும் அனுபவஸ்தர், உங்கள் மதிப்பெண் பட்டியலை ஒரு முறை புரட்டிவிட்டு, "நீங்கள் தனியாகப் பொறுப்பேற்றுச் செய்த பாகம் எது? அது எங்கே உடைந்தது?" என்றுதான் கேட்பார். அக்கேள்விக்கு மெய்யான விடை ஒன்றைச் சம்பாதித்துக்கொள்வதே கல்லூரி நாட்களில் உங்களுடைய பிரதான காரியம். கீழே சொல்லும் படிகள் யாவும் அதை நோக்கியவை.

உத்தியோகம் எங்கே இருக்கிறது?

பந்தயத்தை மாத்திரம் நம்பிப் பிழைக்கும் பொறியாளர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. இதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தளமும், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருந்தபோதிலும், அங்கே நடக்கும் போட்டிகள் வருஷத்தில் சில வாரக் கடைசிகளோடு முடிந்துவிடுகின்றன. ஆகவே எண்ணூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர், ஓசூர் முதலிய இடங்களில் உள்ள வாகனத் தொழிற்சாலைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் நிலையான உத்தியோகம் பார்த்துக்கொண்டு, வாரக் கடைசியில் பந்தய அணியொன்றுக்கு உழைப்பதே பெரும்பாலோர்க்கு வாய்க்கும் வழி. இதனைத் தாழ்வான வழி என்று எண்ண வேண்டா. பிரேக்கைச் சோதிப்பவர், யந்திரத்தின் எரிபொருள் அளவைத் திருத்தி அமைப்பவர், சஸ்பென்ஷனை வடிவமைப்பவர் ஆகியோர் தொழிற்சாலையில் பெறும் நிதானமும் ஒழுங்கும் பந்தயத் தளத்தில் அப்படியே பயன்படுகின்றன. ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 1982 முதல் சொந்தமாகப் பந்தயப் பிரிவு ஒன்றை நடத்தி வருவதால், அங்கே இரண்டு வழிகளும் ஒரே கூரையின் கீழ்ச் சந்திக்கின்றன.

செட்டிபாளையத் தளத்தின் பெயரிலுள்ள 'கரி' என்பது எஸ். கரிவரதனைக் குறிப்பது. மாருதி 800 காரின் யந்திரத்தைக் கொண்டு செலவு குறைந்த ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைக் கோயம்புத்தூரிலேயே அவர் செய்து காட்டினார். பின்னாளில் 2005-இல் ஜோர்டான் அணியின் சார்பில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய நாராயண் கார்த்திகேயன் அந்த ஃபார்முலா மாருதிப் பந்தயத்தில் பழகியவரே. கையில் இருக்கும் யந்திரத்தைக்கொண்டு கார் செய்வது என்ற அந்த வழக்கமே, கல்லூரி மாணவர்கள் இன்று செய்வதும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக

மெக்கானிக்கல் பொறியியலா, ஆட்டோமொபைல் பொறியியலா என்று பெற்றோரும் பிள்ளைகளும் மாதக்கணக்கில் விவாதிப்பதைப் பார்க்கிறோம். இரண்டும் சரியே. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949-இல் கல்லூரி தொடங்கிய நாள் முதலே வாகனப் பொறியியல் தனிப் பாடமாக இருந்து வருகிறது. எனினும் மெக்கானிக்கல் படித்தோரே இத்துறையில் எண்ணிக்கையில் மிகுந்தவர். மின்சார வாகனங்கள் பெருகிய இக்காலத்தில் எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கும் இடம் உண்டு. டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. வகுப்பில் சேரலாம் என்பதையும், லேத்திலும் வெல்டிங்கிலும் அவர்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் அணியில் மிகுந்த மதிப்புப் பெறும் என்பதையும் மறக்க வேண்டா.

குறிப்பு: முதுகலைச் சேர்க்கைக்கான கேட் பரீட்சையில் ஆட்டோமொபைலுக்கென்று தனித்தாள் கிடையாது, மெக்கானிக்கல் தாளையே எழுத வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கட்டடத்தைப் பார்ப்பதைவிட, மாலை ஆறு மணிக்குமேல் அதன் பட்டறை திறந்திருக்கிறதா என்று விசாரிப்பது உசிதம்.

கல்லூரி அணியில் சேர்ந்து ஒரு பாகத்தைச் செய்தல்

மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே கட்டி, மாணவர்களே ஓட்டும் ஒற்றை ஆசனக் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டி கரி தளத்தில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. சுப்ரா என்பதும் அதே வகையானது. மத்தியப் பிரதேசத்துப் பீத்தம்பூரில் நடந்து வரும் பாஹா போட்டியோ மேடுபள்ளத்தில் ஓடும் வண்டிகளுக்கானது. ஃபார்முலா பாரத் வகைப் பெட்ரோல் கார்களில் யந்திரம் 710 சி.சி.க்கு மேற்படக்கூடாது, அது மூச்சுவிடும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துவாரத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். மின்சாரக் கார்களுக்கு 80 கிலோவாட் உச்சவரம்பு. நம்மவர்கள் பெரும்பாலும் கே.டி.எம். 390 மோட்டார் சைக்கிளின் 373 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் யந்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஓடுதளத்தில் இறங்குமுன் காரை 60 பாகை சாய்த்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் ஐந்து விநாடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் தாண்டியபின் சுமார் 22 கிலோமீட்டர் நீடிக்கும் நெடு ஓட்டம் இருக்கிறது. பார்வைக்கு அழகான கார்கள் அநேகம் அந்த ஓட்டத்தில்தான் புகை கக்கி நின்றுவிடுகின்றன.

1. முதலாண்டின் முதல் வாரத்திலேயே அணித் தலைவரைப் போய்ப் பாருங்கள். பட்டறையைக் கூட்டவும், குழாய்களை அரம் கொண்டு தேய்க்கவும் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் செய்யுங்கள். எந்த ஸ்பானர் எங்கே இருக்கிறது, யாரிடம் எது தெரியும் என்பவை அந்த வேலையில்தான் விளங்கும்.

2. விதிப்புத்தகத்தை ஆதியோடந்தமாக இருமுறை வாசியுங்கள். விதியைப் பாராமல் வரைந்து, செய்து, பரிசோதகர் முன் நின்றபிறகு அறுத்தெறிந்த பாகங்களுக்குக் கணக்கில்லை.

3. ஒரு சிறு பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரேக் பெடலும் அதன் தாங்கியும் மிகப் பொருத்தமானவை. காற்றை அடக்கும் இறக்கைகளின்மீது எல்லோருக்கும் ஆசை உண்டு. அளந்து பார்க்கச் சாதனங்கள் இல்லாத கல்லூரியில் அவை பெரும்பாலும் அலங்காரமாகவே முடிகின்றன என்பது எமது அபிப்பிராயம்.

4. கணினியைத் திறக்குமுன் காகிதத்தில் கணக்கிடுங்கள். பெடல் 2000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அதாவது ஏறக்குறைய 200 கிலோ பாரம். கையால் போட்ட கணக்கும் கணினியின் வர்ணப் படமும் மாறுபட்டால், அணுவளவு சந்தேகம் மிஞ்சியிருக்கும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது.

5. வரைபடத்தை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குச் செல்லுங்கள். கோயம்புத்தூரில் பீளமேட்டிலோ கணபதியிலோ உள்ள ஒரு பட்டறைக்காரரிடம், "அண்ணே, இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டால், அவர் படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த உள்மூலையை இவ்வளவு கூரா விட்டா டூலும் போகாது, பாகமும் அங்கேதான் விரியும், கொஞ்சம் ரேடியஸ் கொடு" என்பார். வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் படித்த அழுத்தக் குவிவு என்ற தத்துவத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. பாகத்தை இரண்டாகச் செய்து, ஒன்றை வேண்டுமென்றே பாரமேற்றி உடையுங்கள். உடைந்த துண்டைப் படமெடுத்து, எத்தனை பாரத்தில் எங்கே உடைந்தது, கணக்கு என்ன சொல்லிற்று என்று எழுதி வையுங்கள்.

7. போட்டிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பாகக் கார் ஓடத் தொடங்க வேண்டும். இதற்கு இடையூறாக வரும் புதுயோசனை எவ்வளவு சிறந்ததாயினும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

பொதுவாக நேரும் பிழைகளில் மூன்றை மாத்திரம் குறிப்பிடுவோம். ராடு எண்ட் என்னும் உருண்டைமூட்டு இழுவிசையையும் அமுக்கு விசையையும் தாங்கச் செய்யப்பட்டது. அதை வளைவு விசைக்கு உட்படுத்தினால் மரையின் அடியில் முறியும், நடுவர்களும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் பிரேக்கின் அருகில் போட்டால் உஷ்ணத்தில் நைலான் இளகிப் பிடி விட்டுவிடும். ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன், இடுப்புவார் ஆகியவற்றில் 8.8 தரத்துக்குக் குறைந்த போல்ட்டைப் போடக் கூடாது; நட்டுக்கு அப்பால் இரண்டு மரையேனும் வெளியே தெரிய வேண்டும்.

சோதனை ஓட்டத்து ஒரு நாள்

பொறியாளருடைய தொழிலின் சாரம் இங்கேதான் இருக்கிறது. மாணவர் அணியில் இதை ஒழுங்காகக் கற்றவர், பெரிய அணியில் முதல் நாளே உபயோகப்படுவார்.

முந்தின மாலை: சமதளமான தரையில் நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு தராசுகளை வைத்து, ஓட்டுநரையோ அவர் எடைக்குச் சமமான மணல் மூட்டையையோ ஆசனத்தில் அமர்த்தி, டயர்க் காற்றைச் சரியாக அடைத்து, ஆன்டி-ரோல் பார் எனப்படும் குறுக்குக் கம்பியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, காரை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டபின் எடைகளைப் படியுங்கள். இடது முன் 70, வலது முன் 66, இடது பின் 79, வலது பின் 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 300. வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டினால் 145, அதாவது 48.3 சதவீதம். இது 50-க்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையேல் கார் இடது வளைவில் ஒரு குணமும் வலது வளைவில் வேறொரு குணமும் காட்டும். மேற்சொன்ன கார் வலது வளைவில் முன்புறம் நழுவி வெளியே போகப் பார்க்கும். வலது முன் ஸ்பிரிங்கின் தாங்கு வளையத்தைச் சிறிது உயர்த்தினால் அந்த மூலையிலும் அதன் குறுக்கு மூலையிலும் பாரம் கூடும். ஒவ்வொரு திருகலுக்குப் பின்னரும் நான்கு எடைகளையும் மறுபடி எழுத வேண்டும்.

ஓட்ட நாளில்:

1. வெயில் ஏறுமுன், காரை நிழலில் வைத்து நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் அளந்து எழுதுங்கள். இத்தகைய இலேசான கார்களில் அது 12 பி.எஸ்.ஐ.யை ஒட்டியே இருக்குமாதலால், அரை பி.எஸ்.ஐ. வித்தியாசமும் ஓட்டுநருக்குத் தெரியும். காலை முதல் மாலைவரை ஒரே அளவு மானியையே உபயோகியுங்கள்.

2. டார்க் ரெஞ்சைக் கொண்டு போல்ட்டுகளை முறுக்கி, போல்ட்டின் தலையிலிருந்து பாகத்தின்மேல் செல்லுமாறு பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் போல்ட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். குனிந்து பார்த்தாலே போதும்.

3. முதலில் மெதுவாகச் சில சுற்றுகள் ஓட்டச் சொல்லி, நிறுத்தி, ஒழுக்கும் தளர்ச்சியும் பாருங்கள். அதன்பின்பே வேகம்.

4. கார் பிட்டுக்குத் திரும்பியவுடன், பேசிக்கொண்டு நிற்காமல், ஊசி முனையுள்ள வெப்பமானியை ஒவ்வொரு டயரின் ரப்பரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களில் செருகி அளவெடுங்கள். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் அளவு பொய்யாகிவிடும். நடுப்பகுதி இரு விளிம்புகளையும்விடச் சூடாக இருந்தால் காற்று அதிகம், குளிர்ந்திருந்தால் குறைவு. உள்விளிம்பு ஓரளவு சூடாக இருப்பது இயல்பே, ஆனால் மிகுந்த வித்தியாசம் இருப்பின் சக்கரத்தின் உட்சாய்வு கூடுதல். பிறகு சூடான நிலையில் காற்றழுத்தத்தையும் எழுதுங்கள்.

5. கணினியிலுள்ள வரைகோடுகளைக் காட்டுமுன் ஓட்டுநரைப் பேசவிடுங்கள். எந்த வளைவில், வளைவின் தொடக்கத்திலா நடுவிலா முடிவிலா, முன்புறமா பின்புறமா என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களையே எழுதுங்கள். கோடுகளைக் கண்டபிறகு ஓட்டுநர் தாம் உணர்ந்ததை விட்டுவிட்டுக் கோடு சொல்வதையே சொல்லத் தொடங்கிவிடுவார்.

6. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுங்கள். அவசரத்தில் டயர்க் காற்றையும் டாம்பரையும் சேர்த்து மாற்றிவிட்டு, கார் வேகமாயிற்று என்று மகிழ்பவர்க்கு எதனால் ஆயிற்று என்று ஒருநாளும் தெரியாது.

7. மாலையில் காலை நிலைக்கே திருப்பி ஒரு முறை ஓட்டுங்கள். செட்டிபாளையத்தில் காலை எட்டு மணித் தார்ப்பாதையும் பிற்பகல் இரண்டு மணித் தார்ப்பாதையும் ஒன்றல்ல. நேரம் குறைந்தது உங்கள் மாற்றத்தாலா, தளத்தின் உஷ்ணத்தாலா என்று அப்போதுதான் நிச்சயிக்க முடியும். இந்தக் கடைசிப் படியைச் செய்யும் அணிகள் அபூர்வம். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.

உயிருக்கு ஆபத்தான இடங்கள்

ஜாக்கி தூக்குவதற்கு மாத்திரமே. தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு வையாத காரின் அடியில் கையைக்கூட நீட்டலாகாது.

எரிபொருள் ஊற்றும்போது யந்திரம் நின்றிருக்க வேண்டும், ஓட்டுநர் வெளியே இருக்க வேண்டும், ஒருவர் வேறெந்த வேலையும் இன்றித் தீயணைப்பானைக் கையிற் பிடித்து நிற்க வேண்டும்.

ஓடிவந்த காரின் பிரேக் வட்டின்மேல் தண்ணீர் ஊற்றுவது கூடாது. வட்டு வளையவோ வெடிக்கவோ செய்யும்.

மின்சாரக் காரில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்திசை மின்சாரம் யாவும் ஆபத்தானதாகவே விதிகளில் கருதப்படுகிறது. மாணவர் கார்களிலோ 600 வோல்ட்வரை செல்ல அனுமதி உண்டு. பாட்டரிப் பெட்டியைத் திறப்பவர் தனியாக இருக்கக் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையை ஊசித் துவாரம் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தபின்பே அணிய வேண்டும். இரவு முழுவதும் விழித்திருந்த மாணவன் இந்தப் பெட்டியைத் தொடவே கூடாது என்று அணியில் விதியொன்று செய்துகொள்ளுங்கள்.

பந்தயத் தளத்துக்குள் நுழைதல்

கல்லூரியில் அணி இல்லாதவர்களும் மனம் தளர வேண்டா. போட்டி நாட்களில் கொடி காட்டவும் விபத்து நேர்ந்தால் ஓடி உதவவும் மார்ஷல்கள் என்னும் தொண்டர்கள் தேவைப்படுகிறார்கள். சென்னையில் போட்டிகளை நடத்தும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் போன்ற அமைப்புகளை அணுகி விண்ணப்பித்தால் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். வளைவின் ஓரத்தில் நாள் முழுவதும் நின்று, எந்தக் கார் எங்கே பிரேக் பிடிக்கிறது என்று பார்ப்பதைப் போன்ற பாடம் வேறில்லை. அங்கே பழகியபின், சிறிய அணியொன்றிடம் சென்று டயர்களைத் துடைக்கவும் காற்று அடைக்கவும் அனுமதி கேளுங்கள். பேச்சைக் குறைத்து, குறித்த நேரத்துக்கு முன்பே வந்து நிற்பவரை மறுமுறையும் கூப்பிடுவார்கள்.

வரைகோடுகளைப் படிக்க வீட்டிலேயே அப்பியாசம் செய்யலாம். மோடெக் நிறுவனத்தின் ஐ2 என்னும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அஸெட்டோ கோர்ஸா காம்பெட்டிஸியோனே என்ற கணினி விளையாட்டு அதற்கு ஏற்ற பதிவுகளைத் தானே எழுதித் தருகிறது. உங்கள் இரண்டு சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நேரம் எந்த மீட்டரில் போயிற்று என்று கண்டுபிடித்து அரைப் பக்கம் எழுதுங்கள்.

விண்ணப்பமும் வெளிநாடும்

விண்ணப்பத்தில் 'அணியின் உறுப்பினன்' என்று எழுதுவதால் யாதொரு பயனும் இல்லை. நான்கு பக்கத்துக்கு மேற்படாத சிறு ஏடு ஒன்று தயாரியுங்கள்: பாகத்தின் வரைபடம், கையால் போட்ட கணக்கு, லேத் பட்டறையில் மாற்றியது, உடைத்துப் பார்த்த துண்டின் படம், ஓடிய தூரம், அடுத்த முறை வேறாகச் செய்யப்போவது. பிறர் செய்ததை உமதென்று எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். இத்துறை சிறியது, எல்லோரும் எல்லோரையும் அறிவர்.

வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கு இங்கிலாந்தே பிரதானம். வில்லியம்ஸ் குரோவிலும், மெர்சிடிஸ் பிராக்லியிலும், ரெட்புல் மில்டன் கீன்ஸிலும், ஆஸ்டன் மார்ட்டின் சில்வர்ஸ்டோனிலுமாக ஒருசில மணிப் பிரயாணத்துக்குள் அணிகள் நெருங்கி இருக்கின்றன. கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகங்களில் பந்தயப் பொறியியலுக்கென்றே முதுகலை வகுப்புகள் உண்டு. ஆயினும் பட்டம் பெற்றவுடன் ஃபார்முலா ஒன்னில் வேலை என்ற உறுதியை எவரும் தர முடியாது. வங்கிக் கடனில் போக எண்ணுபவர், இங்கே இரண்டு மூன்று ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்து, அந்த ஏட்டைக் கனமாக்கிக்கொண்டு போவதே விவேகம். ஒருவேளை அங்கே பந்தய வேலை கிட்டாவிடினும் வாகனத் தொழிலின் வேறொரு கிளையில் அமர்ந்து கடனை அடைத்துவிடலாம்.

அணிகள் புது மாணவர்களைச் சேர்ப்பது பெரும்பாலும் கல்வியாண்டின் தொடக்க வாரங்களில்தான். ஆகையால் இந்த அத்தியாயத்தை முடித்த கையோடு விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்து வாசிக்கத் தொடங்குங்கள். முதல் வாரத்திலேயே அணித் தலைவரைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.